பதினொரு விநாடிக் கூட்டணி

1998 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, அதிகாலை ஐந்து மணி பத்து நிமிடம். வெள்ளவத்தையில் கடற்காற்றோடு சாரல் மழை. குளியலறைக் கதவுக்கு முன்னால் துவாயோடு நின்றேன்.

வீட்டில் ஆறு பேர், குளியலறை ஒன்று. வீட்டுக்கார அம்மா ஐந்து மணிக்கு உள்ளே போனால் நாற்பது நிமிடம். சராசரி அல்ல, குறைந்தபட்சம். எனக்கோ ஆறு மணிக்கு ஹெவ்லொக் டவுனில் அரசியல் வகுப்பு. ஒரே மாதத்தில் ஒன்பது நாள் குளிக்காமல் போய், பதினேழு மாணவருக்கு முன்னால் வல்லரசுகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

என் பாடமே வழி காட்டியது. தனியே நிற்கும் சிறிய நாட்டைப் பெரியது விழுங்கும். இரண்டு சிறியவை சேர்ந்தால் பெரியது யோசிக்கும். பக்கத்து அறையில் என்னைப்போல வாடகைக்கு இருந்த, கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கரை முந்தைய நாளே சேர்த்துக்கொண்டேன். இருவரும் ஒன்றாகக் கேட்பது, எவரும் பின்வாங்குவதில்லை. கை குலுக்கினோம். இப்போது அவர் சவர்க்காரத்தோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

ஐந்து நாற்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது.

"அக்கா, இனி ஐஞ்சில இருந்து ஐஞ்சரை வரைக்கும் குளியலறை எங்களுக்கு வேணும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேக்கிறம்" என்றேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "கேளுங்கோ மாஸ்டர், கேளுங்கோ. இண்டைக்குப் பொலிசுக்கு வீட்டு ஆக்களின்ர லிஸ்ட் குடுக்கவேணும். போனமுறை ஆறு பேர் எண்டு எழுதினனான். இந்தமுறை எத்தினை எண்டு எழுத?"

அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத தமிழன் முதல் சோதனைச் சாவடியைத் தாண்டமாட்டான்.

"அன்ரி, நான் நாலு மணிக்கே குளிச்சிடுவன். எனக்கொரு கரைச்சலும் இல்லை. மாஸ்டர்தான் சும்மா..." என்றார் கிளாக்கர்.

கூட்டணியின் ஆயுள் பதினொரு விநாடி.

நேரம் பிந்திவிட்டதால் குளிக்காமலே த்ரீவீலர் பிடித்துப் போகும்போதுதான் பிழை விளங்கியது. நாடுகளுக்கு மேலே பொலிஸ் கிடையாது என்பது வருடந்தோறும் நான் கரும்பலகையில் எழுதும் முதல் வரி. எங்கள் வீட்டுக்கு மேலே பொலிஸ் இருந்தது. அதுவும் அந்த அம்மாவின் கையெழுத்தை மட்டும் நம்பும் பொலிஸ். எல்லாவற்றையும் எண்ணிய நான் அதை எண்ணவில்லை.

சிறிய அரசுகள் திறை கட்டும் பாடம் மூன்றாம் தவணைக்குரியது. அதை அன்று மாலையே செய்முறையில் முடித்தேன். நான் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு றாத்தல் பட்டர் கேக்கை வாங்கி வைத்துவிட்டு, அம்மா பட்டியலின் பிரதியைக் காட்டினார். ஆறாவதாக என் பெயர்.

"மாஸ்டரை நான் விடுவனே?"

கேக்கில் மூன்று துண்டு கிளாக்கர் சாப்பிட்டார். கேக் நூற்றிருபது, த்ரீவீலர் அறுபது. மொத்தம் நூற்றெண்பது ரூபா.