கையுறையைக் கழற்றி எடுத்த படம்

இத்தாலியில், பலெர்மோ நகரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் நோர்வே கப்பல் பயணத்தின் ஒரு படத்தை மட்டும் நான் காட்டுவதில்லை.

பனிமலை தெரிந்ததும், புதுச்சட்டையும் காப்பும் படத்தில் விழட்டும் என்று, மேல்தளத்தில் இரண்டு வயது மகளின் குளிரங்கியையும் கையுறையையும் கழற்றினேன்.

"அம்மா, குளிருது."

"கொஞ்சம் பொறுங்கோ குஞ்சு. ஒருக்கா சிரியுங்கோ."

அவள் அழ அழ, திரும்பத் திரும்ப எடுத்தேன். அருகில் நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருவர் வந்து அவளைத் தூக்கி, சிவந்த விரல்களைத் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினார். அழுகை அடங்கியது.

"அம்மாட்டை வாங்கோ" என்று கை நீட்டினேன்.

"மாட்டன்" என்று அவர் தோளில் முகம் புதைத்தாள்.

நல்லவேளை, விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையிலேயே எல்லாவற்றையும் மறந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாக மறந்ததைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.