துரு சொன்ன வரிசை

தாளைத் தொடுமுன் வில்ட்ரூட் கைகளைக் கழுவுவார். மோதிரத்தைக் கழற்றிச் சாவிக்கொத்தில் மாட்டுவார். துண்டில் துடைத்த பிறகும் உள்ளங்கையை ஜன்னல் கண்ணாடியில் ஒற்றிப் பார்ப்பார். ஈரத்தடம் விழுந்தால் மறுபடியும் துண்டுதான்.

ஜெர்மனியின் ஸாலே ஆற்றங்கரையில், கவிஞர் லோரென்ஸ் ஹாபிக்ட் வாழ்ந்து மறைந்த வீட்டின் கீழ்த்தளம் அவருடைய கையெழுத்துத் தாள்களின் காப்பகமாகியிருந்தது. முனைவர் பட்டம் பெற்ற வில்ட்ரூட்தான் அதற்குப் பொறுப்பு. மாடியில் கவிஞரின் மனைவி கெர்லிண்டே. வியாழன்தோறும் பிளம்ஸ் பழம் பதித்த கேக்கோடு இறங்கி வருவார்.

"கேக் உள்ள வரக்கூடாதுங்க."

"தெரியும் டாக்டரம்மா. கேக்கும் நானும் அடுக்களையிலயே இருக்கோம்."

அந்த வருடம் ஹாபிக்டின் கடைசிக் கவிதைகளைப் புத்தகமாக்கப் பதிப்பகம் அவசரப்பட்டது. தாள்களில் தேதி இல்லை, எண் இல்லை. துருப்பிடிக்கிற எதையும் காகிதத்தில் விட்டுவைக்கக் கூடாதென்று, முன்பு பொறுப்பிலிருந்தவர் கிளிப்புகளையெல்லாம் உருவி ஒரே அடுக்காக வைத்துவிட்டிருந்தார். முதல் வரியின் அகர வரிசையில் போட்டுவிடலாம் என்றது பதிப்பகம். வில்ட்ரூட்டுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கவிதைக்குப் பக்கத்தில் எந்தக் கவிதை வர வேண்டும் என்பதும் கவிஞர் எழுதியதுதான் என்று நம்புகிறவர் அவர். அதை இழந்தால் தன் இருபது வருட வேலைக்கே பொருளில்லை என்று நினைத்தார்.

தாள்களின் மேல் விளிம்பில் கிளிப்பின் துருத்தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. வெளித்தாளில் அழுத்தமாக, உள்தாள்களில் போகப்போக மங்கலாக. தடத்தோடு தடம் பொருத்தி, எது எதோடு சேர்ந்திருந்தது என்று பார்க்க ஆரம்பித்தார்.

உதவியாளர் யோஸ்ட் சிரித்தார். "மாடியில ஒரு வார்த்தை கேட்டா ஆச்சு. கூடவே இருந்த மனுஷி."

"ஞாபகம் புளுகும் யோஸ்ட். தாள் புளுகாது."

"கேக்கை மட்டும் நம்பிச் சாப்பிடறீங்க."

குளிர்காலம் முழுக்க அதே வேலை. பனி உருகும்போது வரிசை கூடிவந்தது. மரணத்தைப் பற்றிய கவிதைக்கு அடுத்து வெங்காயம் நறுக்கும் கவிதை. அதைப் பார்த்து வில்ட்ரூட்டுக்கு உடம்பு சிலிர்த்தது. புத்தகம் வந்தது. அந்த வரிசையின் துணிச்சலைப் பத்திரிகைகள் புகழ்ந்தன.

வியாழக்கிழமை, அடுக்களையில் கெர்லிண்டே புத்தகத்தை மெல்லப் புரட்டினார். வெங்காயக் கவிதையில் விரல் நின்றது.

"அட, அப்படியே இருக்கே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

வில்ட்ரூட் துருவைப் பற்றிச் சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமிதமும் இருந்தது. கெர்லிண்டே இன்னொரு துண்டு கேக்கை வெட்டி அவர் தட்டில் வைத்தார்.

"அதுக்கா குளிர்காலம் பூரா? என்னைக் கேட்டிருக்கலாமே. அவர் எழுதி எழுதித் தரையில போட்டுடுவார். கூட்டும்போது கைக்கு வந்ததை அள்ளி, கிளிப்பு போட்டு வச்சது நான்தான்."