முப்பத்தெட்டு வினாடிகள்

இது ராத்திரியில் நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்றே காலுக்கு நடந்தது. வெளியே தெருவில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் காய்ச்சல் இல்லை. கண்ணாடி போட்டிருந்தேன். பயந்த சுபாவமும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக இருட்டுக்குள் வேலை பார்ப்பவளுக்கு அதைக் கண்டு பயப்பட நேரம் ஏது? களைப்பாக இருந்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் களைப்புக்கு விரல்கள் கிடையாது.

நான் ஒரு நாடகக் குழுவில் மேடை நிர்வாகி. யார், எந்தக் கதவு வழியாக, எந்த வேடத்தில் வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அந்த முறை நாங்கள் எடுத்தது நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு நகைச்சுவை நாடகம். அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கதை போதாது, மூன்று வேண்டும். ஒரு பெண் ஆண் வேடம் போட்டுக்கொண்டு தன் காதலனிடமே வேலைக்குச் சேர்கிறாள். ஒரு கிழவர் மருத்துவர் வேடத்தில் போய்ச் சொந்த மனைவியையே வேவு பார்க்கிறார். ஒரு வேலைக்காரன் முதலாளி வேடம் போட்டு ஊரையே ஏமாற்றுகிறான். மூன்று கதைகளும் மூன்றாம் அங்கத்தில், இருட்டான ஒரு தோட்டத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. மொத்தம் பதினேழு பாத்திரங்கள். எங்களிடம் இருந்தது ஆறு பேர்.

பதினேழை எப்படி ஆறுக்குள் அடக்குவது? அதற்குத்தான் பலகை. சுவர் அளவு தக்கைப் பலகை. மேலிருந்து கீழாகக் காட்சிகள். குறுக்கே மேடையின் மூன்று கதவுகள், மேடைக்கு அடியில் ஓடும் வழி, உடை அறை, விளக்கு அறை. ஆளுக்கொரு நிறத்தில் நூல். வருகிற இடத்தில் ஒரு ஊசி, வேடம் மாறும் இடத்தில் ஒரு முடிச்சு. விதிகள் இரண்டே இரண்டு. ஒரு நூல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. உள்ளே வந்த நூல் வெளியே போயாக வேண்டும். நடிகர்கள் ஆறு பேர், இயக்குநர், தையல்காரர், விளக்குக்காரர், நான். மொத்தம் பத்து நூல். எந்த நிமிடத்தில் கட்டடத்துக்குள் யார் எங்கே என்று பலகை சொல்லிவிடும். அது இதுவரை பொய் சொன்னதில்லை.

சிவப்பு நூல் என் அக்கா மகளுடையது. ஒரு இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் குழுவில் அவளுக்கு எறும்பு என்று பெயர். ஆண் வேடம் போடும் பெண் அவள்தான். அக்காவுக்கு அவள் நடிக்க வந்ததே பிடிக்கவில்லை. "உன்னை நம்பித்தான்டி அனுப்புறேன். அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அக்கா சொன்னதைச் செய்கிறவள்.

என் கவலையெல்லாம் தோட்டக் காட்சியில் இருந்தது. எறும்பு இடது கதவு வழியாக ஆணாக வெளியே போய், வலது கதவு வழியாக மணப்பெண்ணாக உள்ளே வரவேண்டும். மேடையின் பின்சுவரை ஒட்டியே தெரு, அதனால் பின்னால் வழி கிடையாது. மேடைக்கு அடியில்தான் போகவேண்டும். பதினோரு படி இறங்கி, இருபது எட்டு நடந்து, பதினோரு படி ஏறவேண்டும். நடுவில் உடை மாற்றவேண்டும். அங்கே விளக்கு போட முடியாது. மேடைப் பலகைகளில் இடுக்கு உண்டு, கீழே வெளிச்சம் இருந்தால் மேலே தரையில் கோடு கோடாகத் தெரிந்துவிடும். மணப்பெண் கவுனில் முதுகுப் பக்கம் பதினான்கு பொத்தான். மேலே நடக்கும் பேச்சுக்கு நாற்பத்தைந்து வினாடிதான் ஆகும். நல்ல வெளிச்சத்தில், தையல்காரரே கூட நின்று மாட்டியும் எங்களுக்கு ஐம்பத்திரண்டு ஆனது. அந்தக் காட்சியை எப்படி வெட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எறும்பு முப்பத்தெட்டு வினாடியில் மாற்றிவிட்டாள். பதினான்கு பொத்தானும் மாட்டியிருந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் அவள் முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.

"எப்படிடி?"

"நீங்கதானே சித்தி ஆள் போட்டிருக்கீங்க. அந்த அக்கா கை செம வேகம்."

"எந்த அக்கா?"

"கீழ விளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்களே. பேரு கேட்டா வாயே திறக்கமாட்டேங்கறாங்க. கைதான் ஐஸ் மாதிரி."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். கீழே விளக்கு இருந்திருந்தால் மேடையில் கோடு தெரிந்திருக்கும். நான் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கோடும் இல்லை.

உடை அறைக்குப் போனேன்.

"மாஸ்டர், மூணாம் அங்கத்துல கீழ யாரை நிக்க வெச்சிருக்கீங்க?"

தையல்காரர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூட ஒரு ஆள் குடுங்கன்னு ஒன்றரை வருஷமா கேக்கறேன், காதுல விழல. இப்ப வந்து யாரை நிக்க வெச்சேன்னு கேக்கறீங்க. என் நிழலைத்தான் நிக்க வெக்கணும்."

பலகை முன்னால் போய் உட்கார்ந்தேன். கால் வீங்கியிருந்தது. தோட்டக் காட்சியின் அந்த நிமிடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு நூலாகப் பார்த்தேன். நான்கு பேர் மேடையில். ஒருவர் நடுக்கதவுக்குப் பின்னால். தையல்காரர் உடை அறையில். விளக்குக்காரர் மேலே. இயக்குநரும் நானும் பார்வையாளர் பக்கம். பத்து நூலில் ஒன்பது கணக்கில் வந்துவிட்டது. மேடைக்கு அடியில் சிவப்பு மட்டும்.

சிவப்புக்குப் பக்கத்தில், ஒரு ஊசியில், விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற நூல் ஒன்று தொங்கியது.

அதை நான்தான் வெட்டினேன். பழைய பிரதியில் அந்த இடத்தில், 'மணப்பெண்ணும் விளக்குடன் தோழியும் வருகிறார்கள்' என்று இருந்தது. அந்தத் தோழிக்கு நாடகம் முழுக்க ஒரு வார்த்தை கிடையாது. அவள் போனதாகவும் எங்கும் இல்லை. பழைய பிரதிகளில் இது சகஜம். எழுதியவர் ஒரு ஆளை நினைத்திருப்பார், பிறகு மறந்திருப்பார், அச்சுக்காரர் அப்படியே அச்சடித்திருப்பார். எங்கள் தொழிலில் இவர்களுக்குப் பேய்ப் பாத்திரம் என்று வேடிக்கையாக ஒரு பெயர் உண்டு. ஆறு பேரை வைத்துக்கொண்டு பேசாத ஆளுக்கு எங்கே போவது? முதல் வாரமே கத்திரியை வைத்துவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வியாழக்கிழமை, மூன்று மணி இரண்டு நிமிடம். இயக்குநரிடம் என் வசனப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

"தோட்டக் காட்சிக்கு நான் கீழ நிக்கறேன்."

"அக்கா, நாளன்னைக்கு ஷோ."

"அதுக்குத்தான்."

மூன்று ஐந்து. பதினோரு படி இறங்கினேன். கவுன் ஆணியில் தொங்கியது. டார்ச்சை ஒரு தடவை சுற்றி அடித்தேன். நான்கு சுவர், ஒரு ஆணி, ஒரு கவுன். வேறு எதுவும் இல்லை. டார்ச்சை அணைத்தேன். கையில் நிறுத்துக் கடிகாரம்.

மூன்று பதினொன்று. மேலே தோட்டக் காட்சி தொடங்கியது. தலைக்கு மேல் காலடிகள். டக்… டக்… கிழவரின் தடி. நெருங்கிவிட்டது. இன்னும் நான்கு வரியில் எறும்பு இறங்குவாள்.

மூன்று பதினைந்து. கடைசி வரி காதில் விழுந்தது. கடிகாரத்தை அழுத்தினேன்.

அதே நொடியில் மேலே இயக்குநரின் குரல். "நிறுத்து. வசனம் தப்பு. முதல்ல இருந்து."

எறும்பு இறங்கவில்லை.

படியில் சத்தமே இல்லை. ஆனால் வெளிச்சம் வந்தது.

மஞ்சளாக. தாழ்வாக. என் கையைத் தூக்கிப் பார்த்தேன். கை தெரியவில்லை. சுவரும் தெரியவில்லை. வெளிச்சம் இருந்தது… அது எதன் மேலும் விழவில்லை.

"யாரு?"



பின்கழுத்தில் விரல்கள் பட்டன.

ஐஸ்.

கழுத்துக்குக் கீழே ஒரு இடத்தில் தடவின. நான் போட்டிருந்தது முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை. விரல்கள் பொத்தானைத் தேடின. கிடைக்கவில்லை. கொஞ்சம் கீழே இறங்கின. தேடின. இன்னும் கீழே…

எண்ணினேன். எனக்கு எண்ணுவதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு.

நின்றன.

திரும்பவும் மேலே இருந்து தொடங்கின. வேகமாக.

பிறகு… இன்னும் வேகமாக.

கட்டை விரல் தானாக அழுத்தியது. ஓடினேன். முழங்கால் படியில் இடித்தது.

மேலே, எறும்பு மேடை ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "என்ன சித்தி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? நான் இறங்கவே இல்லையே."

கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். இனி எறும்பு அங்கே மாற்றக்கூடாது, அவ்வளவுதான். முழங்காலைக் காட்டி, "நான் விழுந்தேன், நாளைக்கு அவ விழுவா" என்றேன். இயக்குநர் முனகிக்கொண்டே எட்டு வரி கூடச் சேர்த்தார். இடது கதவுக்குப் பின்னாலேயே தையல்காரர் நின்று மாட்டிவிடுவார். பிறகு அவள் கீழ்வழியில் ஓடிப்போய் வலது பக்கம் ஏறினால் போதும்.

ஆனால் ஓடுவது அந்த வழியில்தானே. அங்கே ஒருத்தி நின்றுகொண்டிருக்கும்போது எப்படி விடுவது?

எல்லோரும் போன பிறகு பலகை முன்னால் நின்றேன். உள்ளே வந்த நூல் வெளியே போயாக வேண்டும். பிரதியில் போகும் இடம் இல்லாவிட்டால் நாங்களே எழுதிக்கொடுப்போம், அது என் தொழில். வெட்டிய சாம்பல் நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டேன். தோழி தனியாக மேடையை விட்டுப் போகமாட்டாள், மணப்பெண்ணோடுதான் போவாள். அந்தக் காலத்து வழக்கம் அது. கை தானாகச் செய்தது. சாம்பலைச் சிவப்போடு சேர்த்தேன். கடைசிக் காட்சிவரை கொண்டுபோய், இரண்டையும் ஒரே ஊசியில் சுற்றி, ஒரே கதவு வழியாக வெளியே விட்டேன்.

அடுத்த நாள் எறும்பிடம் கேட்டேன். "கீழ யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்ல சித்தி. அந்த அக்காவை நிறுத்திட்டீங்களா?"

நாடகம் முப்பது தடவை நடந்தது. கீழே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். என் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

எட்டு மாதத்துக்குப் பிறகு எறும்புக்கு வேறு நகரத்தில், வேறு குழுவில் இடம் கிடைத்தது. தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டாள். ஒருவர் மட்டும் தங்கும் அறை, வாடகைப் பத்திரத்தை நானே படித்துப் பார்த்தேன். போன மாதம் அக்கா போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு போன் செய்தாள்.

"உன் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் இளைச்சுட்டா. கூடத் தங்கியிருக்கிற பொண்ணுகூடத்தான் ஏதோ சண்டை போலிருக்கு. அவளைப் பத்திக் கேட்டா, 'யாரும்மா?'ன்னு என்னையே திருப்பிக் கேக்கறா. ஒரே அறையில இருந்துக்கிட்டு இப்படியா?"

அக்கா பேசிக்கொண்டே போனாள்.

"நல்ல அடக்கமான பொண்ணுடி. இவ முதுகுக்குப் பின்னாடியேதான் நிக்கறா. ஆனா ஏழு நாளும் மூணு பேருக்குச் சமைச்சு வெச்சேன், அவ ஒரு வாய் தொடலையே. உடம்பு என்னத்துக்கு ஆகும், நீயாவது சொல்லக்கூடாதா?"