மணல்காட்டில் பள்ளிப்பூண்டு தேடியது

தை மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலமை ஆறரைக்குப் பண்டத்தரிப்புச் சந்தியில் யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நின்றேன். அதற்கு முந்தின பஸ்ஸில் ஏறியிருக்கவேண்டும். காஸ் அடுப்பை நிப்பாட்டினேனா என்ற சந்தேகத்தில் பாதிவழியில் திரும்பி வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், நிப்பாட்டித்தான் இருந்தது, பஸ் போய்விட்டது. மழை விட்டு ஒரு கிழமை ஆகியும் வானம் கறுத்தபடியே கிடந்தது.

நான் போகவேண்டிய இடம் மணல்காடு. பருத்தித்துறைக்கு அங்காலை, கிழக்குக் கரையோரம், மணல் மலைபோலக் குவிந்து கிடக்கிற ஊர். வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் சனம் போகிறதுதான். நான் போனது ஒரு பூண்டைத் தேடி. ஏன் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன்.

என்ரை அண்ணைக்குச் செங்கமாரி. கண் வெள்ளை, நகம், உள்ளங்கை எல்லாம் மஞ்சள். இளந்தாரியாக இருந்த காலத்திலும் அவருக்கு அது வந்தது. அப்போது ஒரு நாட்டுவைத்தியப் பரியாரியார் பள்ளிப்பூண்டை அவித்துக் குடிக்கச் சொன்னார், குடித்தார், மாறிவிட்டது. அந்தப் பூண்டை அப்பாவும் அவரும் மணல்காட்டில்தான் பிடுங்கினார்கள். இந்தமுறை ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்த டொக்டர், இது பழைய மாதிரியான செங்கமாரி இல்லை, பித்தக் குழாயில் அடைப்பு, உடனே ஆஸ்பத்திரி வாட்டில் தங்கி நிற்கவேண்டும், சுணங்கினால் கிருமி பிடித்து ஆளுக்கே ஆபத்து என்றார். அண்ணை தலையை ஆட்டிவிட்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பூண்டு கிடைச்சா ஒரு மண்டலம் குடிக்கிறன். அதுவரைக்கும் இங்கிலீசு மருந்து தொடமாட்டன், ரெண்டும் ஒத்துவராது. பூண்டு இல்லையெண்டா திங்கக்கிழமை நானே வாட்டுக்குப் போறன். போய்ப் பாத்துக்கொண்டு வா.”

“நான் போகாட்டி?”

“போகாட்டி இப்பிடியே கிடக்கிறன்.”

ஒரு மண்டலம் என்றால் ஒன்றரை மாதத்துக்கு மேல். அவ்வளவு நாள் அவருடைய உடம்பு பொறுக்குமா என்று டொக்டரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் பதினாறு கிலோமீற்றர் போலை, ரிக்கெற் தொண்ணூறு ரூபா. ஜன்னலோரம் இருந்து, முன்வீட்டு ரீச்சர் முதல்நாள் சொன்னதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவ உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவ. நான் எட்டாம் வகுப்போடு, சண்டையில் இடம்பெயர்ந்த வருசத்தில், பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் இருந்து சட்டை தைக்கிறேன். ஆனபடியால் அவ சொன்னதையெல்லாம் நூலும் துணியுமாய் மாற்றித்தான் மனதில் வைத்தேன்.

கலியாணப் பூச்செண்டில் ஓரம் கத்தரித்த மாதிரி ஒரு பூ வருமே, கார்னேஷன், அதன் குடும்பம்தான் பள்ளிப்பூண்டாம். அந்தக் குடும்பத்துக்குப் பொதுவான அடையாளம் தண்டிலே இருக்கிறது. இலை புறப்படுகிற ஒவ்வொரு கணுவும் நூலில் முடிச்சுப் போட்டதுபோல வீங்கியிருக்கும். இலைகள் எதிரெதிரே வரும். இதழும் ஐந்து, இதழை மூடுகிற புல்லியும் ஐந்து. பள்ளிப்பூண்டில் இலை ஊசிபோல இருக்கும், பூக்கள் குடைபோல விரியும், அந்தப் புல்லி பச்சையாய் இராது, வெள்ளி நிறத்தில், வலைவலையான நெற் துணிபோல ஒளி ஊடுருவும். இதழ் அதற்குள்ளே ஒளிந்திருக்கும், மிகச் சின்னது, இளஞ்சிவப்பு. இலையடியில் கடதாசிபோல ஒரு செதில் இருக்கவேண்டும். காய் முற்றினால் மூன்றாய் வெடிக்கும்.

“பேரை நம்பாதேங்கோ அக்கா,” என்றா ரீச்சர். “ஊருக்கு ஊர் ஒரே பேரை வேறை வேறை பூண்டுக்குச் சொல்லுவினம். எல்லா அடையாளமும் சரிவந்தாத்தான் அது. ஒண்டு பிழைச்சாலும் வேறை.” சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குக் காட்டுகிற உருப்பெருக்கிக் கண்ணாடியையும் தந்தா. அது உடைந்துவிடுமோ என்று பஸ்ஸில் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எழுநூற்றைம்பதாம் நம்பர் பஸ் ஏறினேன். பருத்தித்துறைக்கு முப்பத்துமூன்று கிலோமீற்றர். நீர்வேலியில் காற்றுக்குச் சரிந்த வாழைகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வல்லை வெளியில் இரண்டு பக்கமும் தண்ணீர் சாம்பல் நிறமாய் விரிந்து கிடந்தது. மரமும் இல்லை, வீடும் இல்லை, காற்று பஸ்ஸை ஒரு பக்கம் தள்ளுகிறதுபோல இருந்தது. கொண்டக்டர் தம்பி கம்பியில் சாய்ந்து நித்திரை. பாலம் தாண்டும் வரைக்கும் நான் முன்சீற்றைப் பிடித்தபடி இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, “சத்தி வருதோ பிள்ளை?” என்று கேட்டு ஒரு தேசிக்காய் தந்தா. வாந்தி இல்லை, பயம்தான் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கி மணந்தேன்.

பருத்தித்துறையில் இறங்க ஒன்பதரை. மணல்காட்டுக்கு பஸ் எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். ஓட்டோ பிடித்தேன், நின்று கூட்டிவர ஆயிரத்தெண்ணூறு ரூபா. ஓட்டினது இருபத்தைந்து வயதுப் பொடியன்.

“அக்கா, மணல்காட்டிலை ஆர் வீட்டை?”

“ஒருத்தற்றை வீட்டையும் இல்லை. ஒரு பூண்டு தேடி.”

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். “எல்லாரும் அங்கை மணலுக்குத்தான் போறவை. நீங்கள் ஒராள்தான் புல்லுக்குப் போறியள்.”

வல்லிபுரம் தாண்டியதும் தெருவோர மணலில் வெள்ளைப் பூத்தலைகள் கூட்டமாய் நின்றன. நிப்பாட்டச் சொல்லி இறங்கிக் குந்தியிருந்து பார்த்தேன். கணு வீங்கித்தான் இருந்தது. இலையும் எதிரெதிரே. பூவும் கடதாசிபோல வெள்ளை. அதுதான் என்றே நினைத்துவிட்டேன். பிறகு கண்ணாடியை வைத்துப் பார்த்தால், இலை ஊசிபோல இல்லை, விரல்நகம் அகலம். பூ விரிந்து படராமல் ஒரே உருண்டையாய்த் தண்டின் நுனியில் குந்தியிருந்தது. உருண்டையைப் பிய்த்தேன், உள்ளே பஞ்சு. இலையடியில் செதிலைக் காணவில்லை. காட்டு வாடாமல்லி.

“உதுக்கெல்லாம் இறங்கினா மணல்காட்டுக்குப் பொழுதுபடத்தான் போவம் அக்கா,” என்றான் பொடியன். “றோட்டு முழுக்க உதுதான்.”

சவுக்கங்காட்டுக்குள்ளே ஓட்டோ நுழைந்ததும் சத்தம் மாறியது. சவுக்கு இரைகிறதா, கடல் இரைகிறதா, மழை வருகிறதா என்று பிரித்தறிய முடியாது. காடு முடிய மணல். போகாதவர்கள் கடற்கரை மணலை நினைக்கக்கூடாது. இது பனை உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. ஒரு பழைய மாதாகோயிலின் சுவர்கள் பாதிக்கு மேல் மணலுக்குள் புதைந்து நிற்கின்றன. கூரை இல்லை. அதன் உள்ளே நின்று பார்த்தால் சாம்பல் வானம்.

அண்ணை சொன்ன அடையாளம்: பழைய கோயிலுக்குத் தெற்குப் பக்கம், மேட்டின் சரிவு. அங்கே மேடே இல்லை. பெரிய பள்ளம் ஒன்று, அடியில் மழைத்தண்ணீர் பச்சையாய்த் தேங்கி, சுற்றிவர உழவு மெசின் ரயர் அடையாளம். மணல் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சரிவு போனதோடு அதிலே முளைத்ததும் போயிருக்கும்.

பள்ளத்தின் விளிம்பில் நின்றபோது எனக்குள்ளே ஏதோ இளகியது. மூச்சு நீளமாய் வந்தது. ‘இல்லை அண்ணை, தோண்டிப்போட்டாங்கள்’ என்று சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கும், திங்கட்கிழமை வாட்டுக்குப் போகலாம். அப்போதுதான் விளங்கியது, அது இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

“என்ன பிள்ளை தேடுறாய்? காப்பு விழுந்துபோச்சோ?”

திரும்பினேன். விறகுக்குச் சவுக்குச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்த அறுபது வயது மதிக்கத்தக்க பெண். பெயர் பிலோமினா, அவவின் பிள்ளைகள் கடற்தொழில். நான் பூண்டைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது, ஆனால் கேட்டால் சொல்லுகிற பழக்கம்.

“வெள்ளியாய் மினுங்குமே, அதோ? இஞ்சாலை எல்லாம் அள்ளிப்போட்டாங்கள். சேமக்காலைக்கு அங்காலை கிடக்கும். செத்தவையின்ரை இடத்திலை மெசின் விட அவங்களுக்கும் பயம்தானே. வா, காட்டுறன்.”

சேமக்காலை என்பது அந்த ஊர்க் கிறிஸ்தவர்களுடைய அடக்க இடம். மணலில் நட்ட சிலுவைகளில் பாதி சரிந்து நின்றன. ஓட்டோப் பொடியன் வேலியோடு நின்றுவிட்டான். “நான் வரேல்லை அக்கா, நீங்கள் பாத்துக்கொண்டு வாங்கோ.”

“பயந்தவன்,” என்றா பிலோமினா அக்கா. “உனக்கும் ஒருநாளைக்கு இடம் தேவைதானே தம்பி, இப்ப வந்து பாத்து வைக்கிறது நல்லம்.”

சிலுவைகள் முடிகிற இடத்தில், அடம்பன் கொடிகளுக்கு நடுவே, ஒரு சாண் உயரத்தில் பத்துப் பதினைந்து செடிகள். காற்றில் அவை ஆடியபோது வெள்ளிச் சரிகையை உதறினதுபோல இருந்தது.

நான் முழங்காலில் இருந்தேன். கண்ணாடியை எடுத்தேன். ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன், ஒன்றாவது பிழைக்கட்டும் என்று. தண்டு கம்பிபோல, மேலே மெல்லிய வெள்ளைப் பூனைமயிர். கணு வீங்கியிருந்தது. இலை ஊசிக்கு ஊசி, நுனியில் ஒரு மயிர். செதில் இருந்தது, அதுவும் கடதாசிபோல. பூ உருண்டையாய் இல்லை, குடைபோல விரிந்து மேலே ஒரே மட்டத்தில் நின்றது. ஒரு பூவைக் கிள்ளி நகத்தில் வைத்து எண்ணினேன், வெள்ளிப் புல்லி ஐந்து. அதற்குள்ளே, குண்டூசித் தலையளவுகூட இல்லாமல், இளஞ்சிவப்பு. கடைசியாய்க் காய். காய்ந்த தலையொன்றை உள்ளங்கையில் தேய்த்தேன். மண்ணிறமாய் மினுங்கின சின்னக் காய்கள் வந்தன. மூன்றாய் வெடித்திருந்தன.

எதுவும் பிழைக்கவில்லை.

“உது செங்கமாரிக்குத்தானே?” என்றா பிலோமினா அக்கா. “உதை அவிச்சுக் குடிச்சவை ஊரிலை கனபேர். எழும்பித் திரியிறவையும் இருக்கினம்.” சுள்ளிக் கட்டால் சிலுவைகளைக் காட்டினா. “உங்கை கிடக்கிறவையும் இருக்கினம். ஆருக்கு?”

“அண்ணைக்கு.”

“டொக்டர் என்ன சொன்னவர்?”

சொன்னேன். அவ கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தா. கடல் பக்கமிருந்து தூறல் வந்தது.

ஒரு செடியின் அடியில் இரண்டு விரல் வைத்தேன். வேர் மெல்லியது, மணலும் ஈரம், இழுத்தால் வந்துவிடும். அப்பா பிடுங்கினதும் இப்படித்தான் இருந்திருக்கும். இது அண்ணையைக் காப்பாற்றின பூண்டு என்றால்? இரண்டாம் தரமும் காப்பாற்றும் என்றால்? டொக்டர் பிழையாய்ச் சொல்லியிருந்தால்? எனக்கு என்ன தெரியும், எட்டாம் வகுப்பு. ஆனால் ஸ்கானில் டொக்டர் விரல் வைத்துக் காட்டின கறுப்பு இடத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். இந்தப் பூவையும் இப்போது என் கண்ணால்தான் பார்க்கிறேன்.

“பாத்துக்கொண்டிருக்கவோ இவ்வளவு தூரம் வந்தனி?” என்றா பிலோமினா அக்கா, கோபமில்லாமல்.

விரலை எடுத்தேன். எழும்பியபோது கால் விறைத்திருந்தது, அவதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டா.

திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வல்லையில் மழை, பஸ் கண்ணாடி முழுக்கப் புகார் படர்ந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. யாழ்ப்பாணம் வரைக்கும் ‘இல்லை அண்ணை’ என்று வாய்க்குள்ளே சொல்லிச் சொல்லிப் பழகினேன். மெதுவாய்ச் சொன்னால் நம்புவாரா, கெதியாய்ச் சொன்னால் நம்புவாரா என்றெல்லாம் யோசித்தேன். பண்டத்தரிப்பில் இறங்க நாலரை. அண்ணை முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மழை வெளிச்சத்தில் முகம் இன்னும் மஞ்சளாய்த் தெரிந்தது.

“கிடந்ததோ?”

“கிடந்தது. நான் பிடுங்கேல்லை.”

எனக்கே என்ரை குரல் அந்நியமாய்க் கேட்டது.

“விசரி,” என்றார். “இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே. நான் நம்பியிருப்பன்.”

அதற்குப் பிறகு இரண்டு நாளும் என்னோடு கதைக்கவில்லை. திங்கட்கிழமை காலமை சேட்டுப் போட்டுக்கொண்டு படலையடியில் போய் நின்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

இதை வாட்டுக்கு வெளியே ஒரு மரவாங்கில் குந்தியிருந்து எழுதுகிறேன். அடைப்பு எடுபடச் சின்னக் குழாய் ஒன்று வைத்துவிட்டார்கள். மஞ்சள் குறைந்தமாதிரி எனக்குத் தெரியவில்லை, பார்த்துத்தான் சொல்லலாம் என்கிறார் டொக்டர். மணல்காட்டின் இரைச்சல் எனக்குப் பயமாக இருந்தது, இங்கே கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிற சில்லுச் சத்தமும் செருப்புச் சத்தமும் அதைவிடப் பயம். நான் செய்தது சரியோ என்று இன்னும் தெரியாது.

இன்று மத்தியானம் கஞ்சி பருக்கும்போது அண்ணை கண்ணை மூடியபடியே கேட்டார்.

“எப்பிடி இருந்தது? சொல்லு.”

நான் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன். கம்பித் தண்டு. முடிச்சு முடிச்சாய்க் கணு. ஊசி இலை. குடைபோலப் பூ, வெள்ளி.

“உள்ளுக்கை?”

“எப்பன் சிவப்பு, குண்டூசித் தலையளவும் வராது.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

“அதேதான்,” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.