அடிபட்ட நேரம்

“எத்தன மணிக்கு அடி பட்டுச்சு, அங்கிள்?” அவசரப் பிரிவின் நடைவழியில் மருத்துவர் கேட்டார்.

“ஒரு மணி இருக்கும் டாக்டர்,” என்றார் அப்பா.

அது உண்மையில்லை.

என் தங்கை எஸ்தருக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊர் சுங்காயில் பள்ளிப் பெண்கள் காற்பந்துக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரி. நான் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு செய்பவள். எது பழுதானாலும் முதலில் நேரத்தைக் குறிப்பேன். அன்றும் குறித்திருந்தேன்.

9.40: எதிரணிப் பெண் அவளுடைய இடது முழங்காலின் மேல் விழுந்தாள். 9.55: அப்பா எனக்குப் போன் செய்தார். 10.30: பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சுளுக்கு எடுப்பவர் எண்ணெய் தேய்த்து, இழுத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். 3.00: கால்விரல்கள் வெளிறிச் சில்லிட்டிருப்பதை அம்மா பார்த்தார். 4.50: ஈப்போ மருத்துவமனை.

எங்கள் வீட்டில் கால் பிசகினால் முதலில் சுளுக்கு எடுப்பதுதான்; எக்ஸ்ரே பிறகு. அப்பா போனில் கேட்டபோது, “எலும்பு வெளிய தெரியலன்னா அங்கயே காட்டுங்கப்பா,” என்று நானும்தான் சொன்னேன். மருத்துவர் ஏசுவார் என்று பயந்து அப்பா நேரத்தை மாற்றினார்.

“இல்ல டாக்டர். காலையில ஒம்பது நாப்பது. நடுவுல சுளுக்கு எடுத்தோம்,” என்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

மருத்துவர் ஏசவில்லை. மூட்டு விலகித் தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது என்றார். வெளியே வீக்கம் மட்டும்தான். உள்ளே பாப்ளிட்டியல் தமனி (முழங்காலின் பின்னால் ஓடிப் பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்) கிழிந்திருந்தது. ரத்தம் இல்லாமல் தசை ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாங்குமாம். நாங்கள் ஏழு மணி நேரத்தைத் தாண்டியிருந்தோம்.

“அங்க வச்சே அப்பாவ காட்டிக் குடுக்கணுமா?” என்றார் அம்மா.

“டாக்டருக்குத் தெரியணும்மா.”

“தெரிஞ்சி? கால் வந்துருமா லா?”



அன்று மாலையே குழாயைத் தைத்தார்கள். ஃபேசியோட்டமி (வீங்கிய தசையின் அழுத்தம் குறைய அதன் உறையைக் கீறித் திறப்பது) செய்தார்கள். தசை கறுத்துக்கொண்டே போனது. நான்காம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். சம்மதத் தாளில் அம்மா கையெழுத்திட்டார். அப்பா பேனாவைத் தொடவில்லை.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒன்று. முழங்காலில் பலமான அடியென்றால், இரண்டு பாதங்களையும் ஒன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் யாரிடமும் காட்டிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்பதை அப்படியே சொல்லுங்கள். இதை எழுதும்போதும், எங்களுக்குப் பயன்படாத ஒன்றைத்தான் தருகிறேன் என்று தெரிகிறது.

இரண்டு வாரம் அப்பா கட்டிலின் தலைமாட்டிலேயே நின்றார். போர்வை தட்டையாகக் கிடந்த பக்கம் போகவே இல்லை. எனக்கோ எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் அந்த ஆறு மணி நேரத்தில் மீதி எவ்வளவு என்றே மனம் கழித்துப் பார்த்தது.

ஒரு மதியம் எஸ்தர் முனகினாள். “அப்பா, கட்டை விரல் அரிக்குது.”

“எந்தக் காலு?”

“அந்தக் காலுதான்.”

அது மாய உறுப்பு உணர்வு (இல்லாத உறுப்பு இருப்பதாக நரம்புகள் உணர்வது) என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அப்பா கட்டிலைச் சுற்றி நடந்து, வெறும் விரிப்பின்மேல் கைவைத்து மெதுவாகச் சொறியத் தொடங்கியிருந்தார்.

“அங்க இல்லப்பா. இன்னும் கீழ லா.”

அப்பா கையைக் கீழே நகர்த்தினார்.