புல் வெட்டும் ஆமையும் மச்சாளின் கடப்பும்

எங்கள் வளவில் புல் வெட்டுவதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது. தள்ள வேண்டியதில்லை, பிடிக்க வேண்டியதில்லை, தன்பாட்டில் ஓடித் தன்பாட்டில் வெட்டும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: வீட்டு வளவுக்கு இது தோதுப்படுமா? மருமகனிடம் கேட்டால் அவர் போனை எடுத்து விரித்துக் காட்டத் தொடங்கிவிடுவார். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஆறிப்போகும். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனாலும் இந்த வளவைக் கூட்டிக் கூட்டி முதுகு வளைந்தவளும் நான்தான். வேறு யார் எழுதுவது?

இந்த இயந்திரத்தால் என் மச்சாள் எனக்கு இல்லாமல் போகப் பார்த்தாள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுசாக வரும்.

மச்சாள் என் தாய்மாமனின் மகள். பக்கத்து வளவுக்காரி. இரண்டு வளவுக்கும் நடுவே உள்ள வேலியில் ஒரு கடப்பு உண்டு. கதவும் இல்லை, படலையும் இல்லை. ஆள் சரிந்து நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி, அவ்வளவுதான். என்னிடம் வெற்றிலைக் கொடி இருக்கிறது. அவளிடம் பாக்கு மரம் இருக்கிறது. காலையில் வீட்டு வேலை முடிந்ததும் மடியில் பாக்கும் கையில் பாக்குவெட்டியுமாக அவள் அந்தக் கடப்பால் வருவாள். மாமரத்தடியில் இருந்து இரண்டு பேரும் போடுவோம். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பது எங்கள் வாயில் வெற்றிலையோடு சேர்ந்து சிவந்துவிடும். போகும்போது கடப்படியில் முளைத்துக் கிடக்கும் வல்லாரையில் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு போவாள். மத்தியானம் அவள் வீட்டில் வல்லாரைச் சம்பல். இதில் தவறாத ஒரே சண்டை, சுண்ணாம்பு யார் வாங்குவது என்பதுதான்.

முதலில் புல் வந்த கதை. வீடு மகளின் பெயரில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வது; மருமகன் தேற்றாத்தீவிலிருந்து வந்தவர். நல்ல மனிதன். ஆனால் வந்து சேர்ந்த மாப்பிள்ளைக்கு எதையாவது மாற்றினால்தானே தானும் அந்த வீட்டில் இருக்கிறேன் என்று தெரியும்? முந்திய காலத்து மாப்பிள்ளைமார் கிணற்றுக்குக் கட்டுக் கட்டினார்கள். இவர் வளவுக்குப் புல் போட்டார். ஆற்றுப் பக்கம் போனால் மாடுகள் சும்மா தின்கிற சாமான், அதைக் காசு கொடுத்து லொறியில் ஏற்றி வந்து, என் வெள்ளை மணலுக்கு மேல் பாய் விரிக்கிற மாதிரி விரித்தார். நான் அறிந்த மட்டில் வளவில் புல் கிடந்தால் அந்த வீட்டுப் பெண் சோம்பேறி. இப்போது புல் கிடந்தால் அந்த வீடு வசதியானது. சோம்பலுக்கு விலை ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மாரி மழை விழுந்தது. புல் எழும்பிய எழும்பலில் கோழி போனால் கொண்டைதான் தெரியும். மருமகன் பின்னேரம் வேலை விட்டு வந்து வெட்டிப் பார்த்தார். முன்பக்கம் வெட்டிப் பின்பக்கம் போகும்போது முன்பக்கம் மறுபடி வளர்ந்து நிற்கும். அப்போதுதான் சுவிஸில் இருக்கும் அவருடைய அக்கா கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினா. பழைய குளிர்ச் சட்டைகள், சொக்லட், சவர்க்காரம், அவற்றுக்கு நடுவில் இந்தச் சாமான். அங்கே புதிசு வாங்கிவிட்டார்களாம். பார்க்க ஆமை மாதிரி இருந்தது. தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்ட கறுத்த ஆமை. அடியில் சவர அலகு மாதிரிச் சின்னச் சின்ன அலகுகள்.

ஆமைக்கு எல்லை தெரியாது. வேலியைக் கண்டால் வேலி என்று விளங்காது. அதனால் வளவைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பியை மண்ணோடு ஒட்டப் பதித்து, ஆணி ஆணியாக அடித்து இறுக்க வேண்டும். கம்பிக்குள் மின்சாரம் ஒரு துளி ஓடும். அதை உணர்ந்து ஆமை திரும்பும். மருமகன் அந்தக் கம்பியைப் பதித்தது ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது படுகிற நேரம். நான் உள்ளே விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் மச்சாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

எரிச்சல் என்று நினைத்தேன். சுவிஸிலிருந்து மெசின் வந்துவிட்டது, அவள் வீட்டில் இன்னும் ஈர்க்கு விளக்குமாறு. பட்டுக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டேன். வராதவளை நான் ஏன் கூப்பிட வேண்டும்? ஆனால் வெற்றிலை இருந்தது, பாக்கு இல்லை. செங்கலடிச் சந்தையில் மகள் வாங்கி வந்த பாக்கைப் போட்டேன். மரப்பட்டையைச் சப்புகிற மாதிரி இருந்தது. அதைவிட, சப்புகிறபோது பேச ஆளில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வாளியை வைக்கிற சத்தம் கேட்கும். நான் வேண்டுமென்று செருமுவேன். வாளிச் சத்தம் நின்றுவிடும். அத்தோடு சரி.

பேச ஆளில்லாமல் நான் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் சங்கதி எல்லாம் எனக்கு அத்துப்படியானது அந்த நாட்களில்தான். அதற்கு ஒழுங்கு இல்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், குடித்துவிட்டு வீட்டுக்கு வழி தேடுகிறவன் மாதிரி. ஆனாலும் பொழுது சாயப் பார்த்தால் வளவு முழுக்க ஒரே மட்டமாக இருக்கும். சத்தம் இல்லை, புகை இல்லை. புல் உயராததால் பாம்புக்கு ஒளிக்க இடம் இல்லை. அதெல்லாம் உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் வளவில் ஏழு தென்னை நிற்கிறது. ஒரு குரும்பட்டி, தென்னம் பிஞ்சு, விழுந்து கிடந்தால் அதில் ஏறிச் சறுக்கும். ஓலை விழுந்தால் அப்படியே நின்றுவிடும். நின்றதும் மருமகனின் போனுக்கு முறைப்பாடு போகும். அவர் வேலைத்தலத்திலிருந்து மகளுக்கு எடுப்பார். மகள் என்னைக் கூப்பிடுவாள். "அம்மா, மெசின் ஓலைக்குள்ள மாட்டிற்றாம்." மாமரத்தடியில் இருக்கிற எனக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றி என்னிடம் வரும். கடைசியில் ஒவ்வொரு காலையும் நான் குரும்பட்டி பொறுக்கி, ஓலை இழுத்து, சரகு கூட்டிவைத்த பிறகுதான் ஆமைத் துரை கூட்டை விட்டு வெளிக்கிடுவார்.

கடப்படி வல்லாரையையும் மொட்டையடித்துவிட்டது. அதைக் கண்டபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கிள்ளத்தான் ஆள் வரவில்லை, இப்போது கிள்ளவும் ஒன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆமை வெளிக்கிடவே இல்லை. அதன் கூட்டில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி நின்றது. கம்பி எங்கேயோ அறுந்திருக்கிறது என்று சொல்லி மருமகன் குனிந்து தடவிக்கொண்டே போனார். கடப்படிக்குப் போனவர் அங்கேயே நிமிர்ந்தார். இரண்டு அடி பின்னால் வைத்தார்.

"மாமி, இஞ்ச கொஞ்சம் வாங்க."

"கம்பி அறுந்திட்டோ மருமகன்?"

"அறுகல்ல மாமி. ஆரோ வெட்டியிருக்காங்க. இதப் பாருங்க."

கம்பி இரண்டாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தேசிக்காய், அதுவும் இரண்டாக. வெட்டிய முகத்தில் குங்குமம் அப்பியிருந்தது.

நான் குனிந்தேன்.

"தொடாதீங்க மாமி! நமக்கு ஆரோ செஞ்சி போட்டிருக்காங்க."

"போன்ல கேட்டுப் பாருங்களன், தேசிக்காய்க்கு என்ன செய்யிற எண்டு."

"பகிடி விடாதீங்க மாமி. புள்ளையள் விளையாடுற வளவு."

படித்த மனிதன். மின்சாரத்தை மண்ணில் ஓட விடுகிறார், ஒரு தேசிக்காய்க்குப் பின்வாங்கி நிற்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்க் காற்று அப்படி. நான் தேசிக்காயை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தேன். தோல் தடிப்பு, சாறு ஒரு சொட்டு இல்லை. இப்படிக் காய்க்கிற பஞ்சத் தேசி மரம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றுதான் நிற்கிறது. அதன் சொந்தக்காரிக்கு ஊறுகாய் போட நான்தான் வருசா வருசம் வேறு தேசிக்காய் கொடுப்பது.

இரண்டு பாதியையும் கையில் பிடித்துக்கொண்டு கடப்பால் போனேன். மச்சாள் கிணற்றடியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரிவாளை இன்னும் வேகமாக ஓட்டினாள்.

"என்னகா இது?"

"தேசிக்காய்."

"தேசிக்காய் எண்டு தெரியும். சாறில்லாத தேசிக்காய் எண்டும் தெரியும். எங்கட வளவுக்க ஏன் கிடக்கு?"

"என்ட கடப்புக் காலடியில நீ ஏன் காவல் புதைச்ச?"

எனக்கு விளங்கவில்லை. வளவுக்குக் காவல் பண்ணுவது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான். பூசாரியைக் கூப்பிட்டு, செப்புத் தகடும் ஆணியும் மூலைக்கு மூலை புதைத்து, வேண்டாதவர் கால் வைக்காமல் கட்டிவிடுவது. கட்டியது தெரியாமல் தாண்டினால் தாண்டியவருக்குக் கூடாது என்பார்கள். அந்தக் கட்டை அறுக்கத் தேசிக்காய் வெட்டிப் போடுவதும் உண்டு.

"காவலோ?"

"நடிக்காதகா. வெள்ளிக்கிழம, பொழுது பட்ட நேரம். உன்ட மருமகன் மேலுக்குச் சட்டையில்லாம, குனிஞ்சி குனிஞ்சி ஆணி அடிச்சவர். வாயில மந்திரம் வேற. நாலு மூலைக்கும் போய்க் கடைசியா என்ட கடப்புல வந்து நாலஞ்சி ஆணி சேத்து அடிச்சவர். நான் என்ன குருடியா?"

"அது மந்திரமில்ல. எப்படிப் பூட்டுற எண்டு போன்ல பாத்து வாசிச்சவர்."

"மந்திரமும் இப்ப போன்லதான் வருகுது."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டேன்.

"நீ எங்கட வளவுல கொண்டு போறது ஒரு பிடி வல்லார. அதுக்கு நான் பூசாரியக் கூப்பிட்டுச் சேவல் குடுத்துக் கட்டுவனா?"

மச்சாள் அரிவாளைக் கீழே வைத்தாள். மீன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அதத்தான் நானும் யோசிச்சன். ஒரு பிடி கீரைக்கு இவ்வளவு செலவழிச்சிக் கட்டியிருக்காளே, அப்ப என்னில எவ்வளவு வெறுப்பு இருக்கும் எண்டு."

அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

"அப்ப ஏன் வந்து கேக்கல்ல?"

"நீ ஏன் கூப்பிடல்ல?"

ஒரு பூனை வந்து மீன் தலையைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், விரட்டவில்லை.

"வெட்டக்குள்ள பயமில்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"பயந்தான். மூணு நாள் மீன் மச்சம் தின்னாமக் கிடந்து வெட்டினன். பாக்குவெட்டியாலதான். உங்கட கம்பி என்ட பாக்குவெட்டிட பல்லப் புடுங்கிட்டுது. இரும்புக் கடையில குடுத்தாலும் எடுக்கமாட்டான் இப்ப."

"வந்து மெசினப் பாரு. அப்பவும் காவல் எண்டு சொன்னா இந்த ரெண்டு பாதித் தேசிக்காயையும் நானே தின்னுறன்."

"கடப்புல கம்பி கிடக்குமட்டும் வரமாட்டன். மெசினோ மந்திரமோ, நான் தாண்டமாட்டன்."

வீம்பு. என் தாய்மாமனின் வீம்பு அப்படியே. என்னிடமும் அதே சாமான் இருப்பதால் எனக்கு அது தெரியும்.

திரும்பி வந்து மருமகனிடம் நடந்ததைச் சொன்னேன். மந்திரவாதி என்று நினைத்துவிட்டார்கள் என்றால் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது மனிதனுக்கு. வேலைத்தலத்திலும் இதைச் சொல்லித் திரிந்தார் என்று பிறகு மகள் சொன்னாள்.

"கம்பிய கடப்புல இருந்து எடுங்க மருமகன். வல்லார முளைக்கிற மூலையையும் வெளியில விடுங்க."

"அந்த மூல காடாப் போகும் மாமி."

"போகட்டும். அத மேய மச்சாள் இருக்கா."

அன்றே வெட்டுப்பட்ட கம்பியைப் பொருத்தி, உள்ளே இழுத்து, வளைத்து, புதிதாக ஆணி அடித்தார். உச்சி வெயிலில், சட்டை போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. மச்சாள் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆணி இறங்கிய பிறகு கடப்பால் ஒரு காலை வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மற்றக் காலையும் வைத்தாள்.

மருமகன் பொத்தானை அமத்தினார். ஆமை கூட்டை விட்டு வெளியே வந்தது. மச்சாள் அம்மன் சடங்கில் போடுகிற மாதிரி ஒரு குரவை போட்டாள் பாருங்கள், மகள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். ஆமை எங்கள் பக்கம் வந்தது, கம்பிக்குக் கிட்டப் போனது, நின்றது, திரும்பியது.

"உனக்கு விளங்கினது எனக்கு விளங்கல்லையே" என்றாள் மச்சாள் அதைப் பார்த்து.

ஆகவே கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மாரியில் இது தோதுப்படும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் புல்லே கருகிவிடும்; அப்போது ஆமைக்கு வேலை இல்லை, கூட்டில் படுத்து மின்சாரம் குடிக்கும். தென்னை நிற்கிற வளவென்றால் அதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் என்னைப்போல வேறு வேலை இல்லாதவளாக இருந்தால் நல்லது. கம்பி பதிக்க முதல் பக்கத்து வளவில் ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம்.

வல்லாரை மறுபடி தழைத்துவிட்டது. மச்சாள் வருகிறாள். பல்லுப் போன பாக்குவெட்டியால் வெட்டுகிற பாக்கு ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு தூள். பெரிய துண்டு எப்போதும் என் பங்குக்குத்தான் வருகிறது. எனக்கு இருக்கிற பல்லுக்கு அதைக் கடிக்க ஏலாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். புதுப் பாக்குவெட்டி வாங்கித் தருகிறேன் என்றால், "உங்கட கம்பி செஞ்ச வேல, கிடந்து சப்பு" என்கிறாள். சப்பிக்கொண்டிருக்கிறேன்.