பதில் அதிபர்

சுவிஸில் ஓல்டன் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் மூன்று வருடம் பதில் அதிபராக இருந்தேன். தலைமையாசிரியரை அதிபர் என்பதும், உரிய ஆள் வரும்வரை அந்த நாற்காலியில் இருப்பவரைப் பதில் அதிபர் என்பதும் எங்கள் வழக்கம். பெயர் வைத்தவர் விபரம் தெரிந்தவர்தான். கேள்வி கேட்க எல்லோரும் இருந்தார்கள், பதில் சொல்ல நான் ஒருத்திதான்.

எனக்கு முன்னிருந்த அதிபர்கள் அத்தனை பேரும் ஆண்கள். கடைசியாக இருந்தவர் அப்வார்ட்டோடு, அதாவது பள்ளிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரரோடு, சண்டை பிடித்துக்கொண்டு போனார். வாரநாட்களில் அதே வகுப்பறையில் படிப்பிக்கும் சுவிஸ் ஆசிரியை 'அழிக்க வேண்டாம்' என்று ஜெர்மனில் எழுதிவிட்டுப் போன கரும்பலகையை இவர் துப்புரவாக அழித்து, அங்கே உயிரெழுத்துகளைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார். கட்டடமே கைவிட்டுப் போகும் நிலை வந்தது. அப்போதுதான் நிர்வாகசபைத் தலைவருக்கு என் நினைவு வந்தது.

"தங்கச்சி, ஒரு ஆள் கிடைக்கும்வரைக்கும் பாருங்கோவன்."

"அப்ப நான் ஆள் இல்லையோ, அண்ணை?"

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

அப்வார்ட்டைச் சமாளிப்பது பெரிய காரியமாக இருக்கவில்லை. வாரநாட்களில் நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். காலுறை போடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரியவர்களைப் பார்த்தவளுக்குக் கரும்பலகை ஒரு பாரமா? நனைந்த சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது என்று பிள்ளைகளுக்கும், முக்கியமாக அப்பாமாருக்கும், சட்டம் போட்டேன். அப்வார்ட் என்னை 'ஃப்ராவ் ஷூல்லைட்டரின்' என்று கூப்பிடத் தொடங்கினார். பள்ளித் தலைவி அம்மா என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 'பதில்' எதுவும் இருக்கவில்லை.

சிக்கல் எங்கள் ஆட்களுக்குத்தான். அதிபர் என்ற சொல்லில் ஆண், பெண் வித்தியாசமே கிடையாது. ஆனாலும் அதைக் கேட்டதும் எல்லோர் கண்ணுக்கும் மீசைதான் தெரிந்தது. மற்ற ஆசிரியைகளைப் போல என்னையும் ரீச்சர் என்றார்கள். அதிபரைக் கூப்பிடவென்று வைத்திருந்த 'சேர்' என்ற மரியாதைச் சொல் மிஞ்சிப்போய்க் கிடந்தது. அதை வீணாக்க மனமில்லாமல் என் கணவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பொருட்களஞ்சியத்தில் வேலை. சனிக்கிழமைகளில் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்குவார், கதிரை அடுக்குவார், தேத்தண்ணீர் ஊற்றுவார். "சேர், மகன் வீட்டிலை தமிழ் கதைக்கிறானில்லை, என்ன செய்யலாம்?" என்று பெற்றோர் அவரிடம் கேட்பார்கள். முதலில் நெளிந்தார். பிறகு யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்.

மூன்றாம் வருடப் பரிசளிப்பு விழா நெருங்கியபோது தலைவர் தொலைபேசி எடுத்தார். பீல் நகரத்தில் ஒருவர் அகப்பட்டுவிட்டாராம். யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர், இப்போது கடிகாரத் தொழிற்சாலையில் வேலை. விழாவில் எனக்கு மாலை போட்டு நன்றி சொல்லிவிட்டு, அவரைப் புது அதிபராக அறிவிக்கப்போகிறார்கள்.

"உங்களுக்கும் ஓய்வு வேணும்தானே, தங்கச்சி?"

எனக்கு ஓய்வு வேண்டாம். அந்த நாற்காலி வேண்டும். அதைச் சொல்ல வாய் வராமல் "ஓம் அண்ணை" என்று வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று அழுதேன்.

"வேணுமெண்டால் நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கிறன்," என்றார் கணவர்.

"சேர் கொஞ்சம் பேசாமல் இருங்கோ," என்றேன்.

விழாவன்று பீல்காரர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்வரிசையில் இருந்தார். தலைவர் மைக்கைப் பிடித்து, "இப்ப எங்கட பதில் அதிபருக்கு மாலை அணிவிக்கிறம்," என்றார். மாலையோடு நின்றவர், டாவோசில் ஹோட்டல் சமையலறையில் இருந்துவிட்டு அண்மையில்தான் எங்கள் பக்கம் குடிவந்த ஒரு தகப்பன். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் தெரிந்த சேர் ஒருவர்தான். ரோல்ஸ் தட்டோடு மேடையோரமாகப் போய்க்கொண்டிருந்த என் கணவரின் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார். இரண்டு கையிலும் தட்டு. மனுசனால் தடுக்கவும் முடியவில்லை.

அகரம் படிக்கும் அரிவரி வகுப்புப் பிள்ளைகள் துள்ளி எழும்பினார்கள். முதலில் 'இல்லை' என்பதைச் சுவிஸ் பாஷையில் "நை! நை!" என்று கத்திவிட்டுப் பிறகு தமிழுக்கு வந்தார்கள்.

"அது அதிபர் இல்லை! அது அதிபரின்ர டிறைவர்!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "ஓம், நான் டிறைவர்தான்," என்று கணவரும் ஒத்துக்கொண்டார். தலைவர் பதறிப்போனார். கையில் மைக் இருப்பதையே மறந்து, "கழட்டுங்கோ ஐயா, அவரில்லை! அவதான் அதிபர்! அவதான் எங்கட அதிபர்!" என்று கத்தினார்.

மூன்று வருடத்தில் முதல்தடவை அந்தச் சொல் 'பதில்' இல்லாமல் வந்தது, அதுவும் ஒலிபெருக்கியில். பின்வரிசையில் அம்மாமார் கைதட்டத் தொடங்கினார்கள். தட்டிக்கொண்டே எழும்பியும் நின்றுவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் ஓய்ந்தபோது மாலை என் கழுத்தில் இருந்தது. தலைவர் பீல்காரரைப் பார்த்தார், அம்மாமாரைப் பார்த்தார். "அடுத்ததாகப் பரிசளிப்பு," என்றார்.

ரோல்ஸ் சாப்பிடும் நேரம் பீல்காரர் நேராக என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அதிபர், எனக்கு எந்த வகுப்புத் தருவியள்?"

"அரிவரி," என்றேன். "ஒரு ஆள் கிடைக்கும்வரைக்கும் பாருங்கோவன்."